எண்ணெய்க் காலத்து நைஜீரியாவில் வெளிநாட்டு ஆசிரியர்கள் (1973–1986)

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியாவுக்கு 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ், கானா முதலிய நாடுகளிலிருந்து ஏராளமான ஆசிரியர்கள் ஒப்பந்தப் பணிக்குச் சென்றனர். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்றவர்கள் அவர்களில் கணிசமானோர். கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கே தேவை மிகுதியாக இருந்தது. இவர்கள் அங்கே வாழ்ந்த காலம் நைஜீரிய அரசின் வருவாய் உச்சத்திற்குச் சென்று சரிந்த காலமாகும். அரசின் ஊழல் உலகச் செய்தியாக இருந்த காலமும் அதுவே.

ஒரு நாட்டின் ஊழலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆட்சியாளர்களின் கணக்கையே எழுதுவர். அந்த நாட்டில் மாதச் சம்பளத்திற்கு வாழ்ந்த வெளிநாட்டவரிடம் அது எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பது வேறு கதை. இக்கட்டுரை அதையே சொல்ல முயல்கிறது.

எண்ணெயும் பள்ளிக்கூடமும்

நைஜீரியா 1960 அக்டோபர் 1 அன்று விடுதலை பெற்றது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1956இல், நைஜர் ஆற்றின் கழிமுகப் பகுதியில் ஒலோய்பிரி என்னும் ஊரில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1973இன் இறுதியில், உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. அதே ஆண்டு சனவரியில்தான் பழைய பவுண்டுக்குப் பதிலாக நைரா என்னும் புதிய நாணயம் வந்திருந்தது. ஒரு பவுண்டுக்கு இரண்டு நைரா என்று மாற்றினார்கள்.

கையில் பணம் வந்ததும் அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று கல்வியை விரித்தது. 1976 செப்டம்பரில் அனைவருக்கும் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு முன் சுமார் 60 இலட்சமாக இருந்த தொடக்கப்பள்ளி மாணவர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் இரண்டு மடங்கைத் தாண்டியது. இந்தப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது அறிவியல் கற்பிக்க ஆள் வேண்டும். தங்கள் நாட்டில் பயிற்சி பெற்றவர்கள் போதவில்லை. எனவே மாநில அரசுகள் வெளிநாட்டினரை வேலைக்கு எடுத்தன. அதாவது, எண்ணெய்ப் பணம் இல்லாவிட்டால் நம் ஆசிரியர்கள் அங்கே போயிருக்கவே மாட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். ஊழலை வளர்த்த பணமும் ஆசிரியருக்குச் சம்பளம் தந்த பணமும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான்.

சம்பளம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 1980இல் ஒரு நைரா 1.80 அமெரிக்க டாலருக்குச் சற்று மேல். ஒரு டாலர் ஏறக்குறைய 8 ரூபாய். ஆகவே ஒரு நைரா சுமார் 14 ரூபாய். மாதம் 500 நைரா பெறும் ஒருவரை எடுத்துக்கொண்டால் அது 7,000 ரூபாய். அப்போது இங்கே பட்டதாரி ஆசிரியர் ஆயிரம் ரூபாய் பார்ப்பதே பெரிது.

சிமென்ட்டுக் கப்பல்கள்

பணத்தை எப்படிச் செலவழித்தார்கள் என்பதற்கு 1975ஆம் ஆண்டுச் சிமென்ட்டு விவகாரத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. யாக்குபு கோவோன் தலைமையிலான இராணுவ அரசு ஏறத்தாழ 2 கோடி டன் சிமென்ட்டுக்கு ஆணை கொடுத்தது. அதில் 1 கோடியே 60 இலட்சம் டன் பாதுகாப்பு அமைச்சகம் மட்டும் கேட்டது. லாகோஸ் துறைமுகம் ஓராண்டில் இறக்கக்கூடிய சிமென்ட்டு 10 இலட்சம் டன் அளவே. இதை ஐந்தாம் வகுப்பு மாணவனிடம் கொடுத்தால்கூட எத்தனை ஆண்டு ஆகும் என்று வகுத்துச் சொல்லிவிடுவான்.

லாகோசுக்கு வெளியே கடலில் 400க்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசையாக நின்றன. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கப்பலுக்கு ஆயிரக்கணக்கான டாலர் தாமதக் கட்டணம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சிமென்ட்டு விற்பதைவிடச் சும்மா நிற்பதே இலாபம் என்று உடைசலான பழைய கப்பல்களை அனுப்பியவர்களும் இருந்தனர். கடற்காற்றின் ஈரத்தில் சிமென்ட்டு மூட்டைக்குள்ளேயே கல்லானது. வேறு சரக்குக் கப்பல்களும் அதே வரிசையில் மாட்டிக்கொண்டதால் கடைகளில் பொருள் இல்லை, விலை ஏறியது.

விலை ஏற்றத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1974இல் உடோஜி குழுவின் பரிந்துரைப்படி அரசு ஊழியர் சம்பளம் பெரிதும் உயர்த்தப்பட்டு, நிலுவைத் தொகையும் மொத்தமாகக் கொடுக்கப்பட்டது. அதைக் கண்டு வீட்டு வாடகையும் சந்தை விலையும் சேர்ந்தே ஏறின. எல்லாவற்றையும் ஊழல் கணக்கில் எழுதிவிடக்கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

1975 சூலை 29இல் கோவோன் பதவியிழந்தார். புதிதாக வந்த முர்தாலா முகம்மது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார். முந்தைய ஆட்சியில் இருந்த 12 மாநில ஆளுநர்களில் 10 பேர் முறைகேடாகச் சொத்துச் சேர்த்ததாக விசாரணையில் தெரியவந்தது. கோவோன்மீது அப்படி எதுவும் நிறுவப்படவில்லை. அவர் இங்கிலாந்து சென்று வார்விக் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். முர்தாலா முகம்மது 1976 பிப்ரவரி 13இல் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஒலுசெகுன் ஒபசாஞ்சோ தேர்தல் நடத்தி, 1979 அக்டோபர் 1இல் ஷெஹு ஷகாரியிடம் ஆட்சியை ஒப்படைத்தார். நம் ஆசிரியர்கள் அதிகம் சென்றது இந்த ஆட்சி மாற்றத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான்.

உரிமம் என்னும் சொத்து

ஷகாரி காலத்து ஊழலைப் புரிந்துகொள்ள இறக்குமதி உரிமம் என்ற ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். 1981க்குப் பின் எண்ணெய் விற்பனை குறைந்தது. 1980இல் சுமார் 2,500 கோடி டாலராக இருந்த எண்ணெய் வருவாய், 1983இல் ஏறக்குறைய 1,000 கோடி டாலருக்கு இறங்கியது. டாலர் தட்டுப்பாடு வந்ததும் 1982 ஏப்ரலில் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நைராவின் அதிகாரப்பூர்வ மதிப்பை மட்டும் குறைக்கவில்லை. கள்ளச் சந்தையில் ஒரு டாலருக்கு அரசு விலையைப்போல மூன்று நான்கு மடங்கு நைரா கிடைக்கும் நிலை நாளடைவில் உருவானது.

இதன் விளைவு என்ன? உரிமம் கையில் உள்ளவர் அரசிடம் மலிவாக டாலர் வாங்கலாம். பொருளைக் கொண்டுவந்து சந்தை விலைக்கு விற்கலாம். பொருளையே கொண்டுவராமல் பட்டியலில் மட்டும் விலையைக் கூட்டிக் காட்டி, மீதி டாலரை வெளிநாட்டு வங்கியில் போடலாம். அதுவும் வேண்டாமென்றால் உரிமத்தையே இன்னொருவருக்கு விற்றுவிடலாம். ஒரு தாளில் ஒரு கையெழுத்து, ஒரு தொழிற்சாலையின் ஓராண்டு இலாபத்திற்குச் சமம். அந்தக் கையெழுத்து ஆளும் கட்சிக்கு வேண்டியவர்களுக்குக் கிடைத்தது. அரிசி இறக்குமதிக்கென்று அமைக்கப்பட்ட சிறப்புக் குழுவுக்குப் போக்குவரத்து அமைச்சர் உமாரு டிக்கோ தலைவர். அரிசி மூட்டை ஏன் இவ்வளவு விலை என்று கேட்ட சாதாரண மக்கள் அவர் பெயரைத்தான் சொன்னார்கள்.

அரிசிச் சோறு இல்லாமல் இருக்க முடியாத தமிழ்க் குடும்பங்களுக்கு இது அடுப்படி வரை வந்த செய்தி. கப்பி அரிசியோ, யாம் கிழங்கோ, மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்யும் காரியோ கொண்டு சமாளித்தவர்கள் பலர்.

வதந்திக்கும் செய்திக்கும் இடையே கோடு தெரியாத காலமாகவும் அது இருந்தது. தேசிய எண்ணெய்க் கழகத்தின் கணக்கில் 280 கோடி நைரா காணாமல் போனது என்று ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. 1980இல் நீதிபதி இரிகெஃபே தலைமையில் விசாரணை நடந்தது. பணம் காணாமல் போகவில்லை என்றே முடிவு வந்தது. மக்கள் நம்பவில்லை. 1983 சனவரியில் லாகோசில் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 37 மாடிக் கட்டடம் எரிந்தபோது, கணக்குப் புத்தகங்களை எரிக்கவே தீ வைத்தார்கள் என்று ஊரெல்லாம் பேசினார்கள். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். உண்மை என்ன என்று அறிய வழியில்லாத இடத்தில் மனிதர் மோசமானதையே நம்புவர்; வெளிநாட்டவருக்கோ எதை நம்புவது என்றே தெரியாது.

எழுத்தாளர் சினுவா அச்செபே நைஜீரியாவின் கேடு என்ன என்று கேட்டு ஒரு சிறு நூலை வெளியிட்டதும் இதே 1983இல்தான். தலைமையின் தோல்வியே காரணம் என்பது அவருடைய வாதம்.

சம்பளமும் விண்ணப்பமும்

என்னுடன் பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர் 1979 முதல் 1986 வரை நைஜீரியாவின் வட பகுதியில் வேதியியல் கற்பித்தவர். ஊதியமில்லா விடுப்பில் போய்த் திரும்பியவர். ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் அவர் சொன்னவற்றைக் கேட்டுத்தான் இந்த நாட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அந்நாட்டில் 'டேஷ்' என்று ஒரு சொல் உண்டு. அன்பளிப்பு என்றும் பொருள், கையூட்டு என்றும் பொருள். சந்தையில் தக்காளி வாங்கினால் மேலே ஒன்றிரண்டு போடுவதும் டேஷ்தான். அலுவலகத்தில் கோப்பு நகரக் கொடுப்பதும் டேஷ்தான். நம் ஊரில் கொசுறுக்கும் லஞ்சத்திற்கும் தனித்தனிச் சொல் உண்டு. அங்கே எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று புதிதாக வந்தவருக்குப் புரியாது.

ஒப்பந்த ஆசிரியர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்ப அனுமதி உண்டு. அதற்குப் படிவம் நிரப்ப வேண்டும்; வரி கட்டிய சான்று வேண்டும்; கல்வித்துறை கையெழுத்து வேண்டும்; பிறகு வங்கி, அதன்பின் மத்திய வங்கியின் அந்நியச் செலாவணி ஒதுக்கீடு. 1982க்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் மாதக்கணக்கில் தாமதம். இங்கே வீட்டுக்கடனுக்கும் தங்கையின் திருமணத்திற்கும் அந்தப் பணத்தை எதிர்பார்த்துக் குடும்பம் காத்திருக்கும்.

அதைவிடக் கொடுமை, சம்பளமே வராமல் போனது. 1982 முதல் 1984 வரை பல மாநில அரசுகள் ஆசிரியர்களுக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. வேலைநிறுத்தங்கள் நடந்தன, பள்ளிகள் மூடிக் கிடந்தன. புதிய தலைமைச் செயலகக் கட்டடங்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் முன்பணம் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் மூத்த ஆசிரியரிடம் ஒரு அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் படிவத்தை மேலே அனுப்ப டேஷ் கேட்டிருக்கிறார். "கொடுத்தீங்களா சார்?" என்று கேட்டேன். "முதல் தடவை கொடுக்கல தம்பி. பத்து வாரம் அந்தக் காகிதம் அவன் மேசையிலேயே கிடந்தது. ரெண்டாவது தடவை கொடுத்தேன். அப்பதான் பேச்சு வாக்குல சொன்னான், அவனுக்கும் நாலு மாசமா சம்பளம் வரலையாம். மூணு புள்ளைங்க. எனக்காவது திரும்பி வர ஒரு ஊர் இருந்துது" என்றார். லஞ்சம் கொடுத்ததை அவர் நியாயப்படுத்தியதில்லை. கொடுக்காமல் இருந்த பத்து வாரத்தைப் பெருமையாகச் சொன்னதும் இல்லை.

வெளியேற்றப்பட்டவர்கள்

எல்லா வெளிநாட்டவரும் ஒரே நிலையில் இல்லை. எண்ணெய்ப் பணத்தை நம்பி அண்டை நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கான கூலித் தொழிலாளரும் கைவினைஞரும் ஆசிரியரும் வந்திருந்தனர். கானாவின் பொருளாதாரம் அப்போது முற்றிலும் நொறுங்கியிருந்ததால் அங்கிருந்து வந்தவர்களே மிகுதி. 1983 சனவரி 17 அன்று, உரிய ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று நைஜீரிய அரசு அறிவித்தது. அது தேர்தல் ஆண்டு. வேலையின்மைக்கும் குற்றங்களுக்கும் யாரையாவது கைகாட்ட வேண்டியிருந்தது. கைகாட்ட எளிதானவர்கள் வாக்குரிமை இல்லாதவர்கள்.

ஏறத்தாழ 20 இலட்சம் பேர் வெளியேறினர். அவர்களில் பாதி அளவு கானா நாட்டினர். கானா தன் எல்லையை ஏற்கெனவே மூடி வைத்திருந்தது. எனவே இடையில் உள்ள பெனினும் டோகோவும் வழிவிடத் தயங்கின. சாலைகளிலும் துறைமுகத்திலும் மக்கள் நாள்கணக்கில் கிடந்தனர். சனவரி இறுதியில்தான் எல்லைகள் திறந்தன. அவர்கள் துணிமணிகளை அள்ளிப் போட்டுக்கொண்ட கட்டம் போட்ட மலிவான பெரிய பைக்கு இன்றும் மேற்கு ஆப்பிரிக்காவில் 'கானா மஸ்ட் கோ' என்றே பெயர். கானாக்காரன் போகட்டும் என்று பொருள். 1985இலும் இன்னொரு முறை இப்படி வெளியேற்றினார்கள்.

அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு ஆணையில் விலக்கு இருந்தது. ஒப்பந்தக் கடிதம் வைத்திருந்த இந்திய ஆசிரியர்கள் அதனால் பிழைத்தனர். சம்பளம் வராவிட்டாலும் அந்தக் கடிதம் ஒரு கவசம். ஊழலால் நொந்த நாட்டில் வாழும் வெளிநாட்டவருக்கு முதல் ஆபத்து லஞ்சம் கேட்பவரிடமிருந்து வருவதில்லை, தன் தவற்றை மறைக்க ஆள் தேடும் அரசிடமிருந்தே வருகிறது என்பது என் கருத்து.

ஒழுங்கின்மைக்கு எதிரான போர்

1983 ஆகஸ்ட் தேர்தலில் ஷகாரி மீண்டும் வென்றதாக அறிவிக்கப்பட்டது. முறைகேடு நடந்தது என்று சில மாநிலங்களில் கலவரம் மூண்டது. டிசம்பர் 31இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. முகம்மது புகாரி தலைவரானார். தொடக்கத்தில் மக்கள் மகிழ்ந்தனர். முன்னாள் ஆளுநர்களும் அமைச்சர்களும் சிறையில் அடைக்கப்பட்டனர். நீண்ட தண்டனைகள் வழங்கப்பட்டன. ஆனால் விசாரணை மூடிய அறைக்குள் இராணுவத் தீர்ப்பாயங்களில் நடந்ததால் நைஜீரிய வழக்கறிஞர் சங்கம் அவற்றைப் புறக்கணித்தது. அதிகாரிகளுக்கு அவப்பெயர் தரும் செய்தியை வெளியிடுவதே குற்றம் என்று ஒரு சட்டமும் வந்தது. அதன்கீழ் 1984இல் இரண்டு செய்தியாளர்கள் சிறை சென்றனர்.

தப்பி இலண்டனில் இருந்த உமாரு டிக்கோவை 1984 சூலை 5இல் கடத்தி, மயக்க மருந்து கொடுத்து, மரப்பெட்டிக்குள் வைத்து விமானத்தில் ஏற்ற முயன்றதும் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் பெட்டி திறக்கப்பட்டதும் திரைப்படக் கதைபோல் உலகெங்கும் பேசப்பட்டன.

மார்ச்சு 1984இல் 'ஒழுங்கின்மைக்கு எதிரான போர்' அறிவிக்கப்பட்டது. பேருந்து நிறுத்தத்தில் வரிசையில் நிற்காதவரைச் சிப்பாய்கள் சாட்டையால் அடித்தனர். தாமதமாக வந்த அரசு ஊழியர்களைத் தவளைபோல் குதிக்க வைத்தனர். வகுப்பில் ஒழுங்கு வேண்டும் என்று முப்பது ஆண்டு பேசிய எனக்கும் இதைப் படிக்கும்போது கூசுகிறது.

ஏப்ரலில் நைரா தாள்களின் நிறங்களை மாற்றினார்கள். எல்லைகளை மூடினார்கள். பதுக்கிய பணத்தைச் செல்லாததாக்குவது நோக்கம். பழைய தாள்களை மாற்ற வங்கி வாசலில் கூட்டம் நெரித்தது. அந்தச் சமயத்தில் 53 பெட்டிகள் லாகோஸ் விமான நிலையத்தில் சுங்கச் சோதனை இன்றி வெளியே போயின. உள்ளே என்ன இருந்தது என்பது இன்றுவரை சர்ச்சை. அதே ஆண்டு செப்டம்பரில், இசை நிகழ்ச்சிக்காக அமெரிக்கா புறப்பட்ட பாடகர் ஃபெலா குட்டியை அதே விமான நிலையத்தில் பிடித்தனர். அவரிடம் இருந்தது 1,600 பவுண்டு. அந்நியச் செலாவணிக் குற்றம் என்று ஐந்தாண்டுச் சிறை விதித்தனர். அரசைப் பாடல்களில் சாடியவர் அவர். ஆட்சி மாறியபின் 1986இல் விடுதலையானார்.

அந்த விமான நிலையம் வழியாகவே ஊருக்கு வந்துபோக வேண்டிய ஆசிரியர்கள் பையில் இருக்கும் ஒவ்வொரு தாளையும் எண்ணி எழுதிக்கொண்டு போவார்களாம். பழைய நைரா ஒன்று சட்டைப்பையில் தங்கிவிட்டால்கூட நடுக்கம்.

நாணயத்தின் வீழ்ச்சி

1985 ஆகஸ்ட் 27இல் இப்ராகிம் பாபங்கிடா ஆட்சியைப் பிடித்தார். 1986இல் எண்ணெய் விலை மேலும் சரிந்தது. செப்டம்பரில் அந்நியச் செலாவணிக்கு ஏல முறை வந்தது. செயற்கையாகத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்த நைரா விழுந்தது. 1987இல் ஒரு டாலருக்கு 4 நைரா. முன்பு போட்ட கணக்கை மறுபடி போட்டால் ஒரு நைரா ஏறத்தாழ 3 ரூபாய். 500 நைரா 1,600 ரூபாய். இதற்குள் இங்கேயும் ஆசிரியர் சம்பளம் உயர்ந்திருந்தது. வீட்டைவிட்டு அவ்வளவு தொலைவு போய் இருக்கக் காரணம் இல்லாமற் போயிற்று. ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினர். சிலர் அங்கிருந்தே போட்ஸ்வானாவுக்கும் வேறு நாடுகளுக்கும் மாறினர். நைஜீரிய ஆசிரியர்களுக்கு மாறிப் போக இடமில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர்களில் இயன்றவர்கள் அமெரிக்காவுக்கும் சவுதிக்கும் போனார்கள். சிற்றூர்ப் பள்ளிகளில் வேதியியல் ஆசிரியர் இடம் மீண்டும் காலியானது.

எங்கள் மூத்த ஆசிரியருக்கு ஒப்பந்த முடிவுப் பணிக்கொடை நைராவில் கிடைத்தது. அதை அனுப்பும் விண்ணப்பம் அவர் புறப்படும் நாள்வரை திரும்பி வரவில்லை. வங்கிப் புத்தகத்தை மட்டும் கொண்டுவந்தார். இரண்டு ஆண்டு கடிதம் எழுதிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். 1993இல் ஒரு டாலருக்கு 22 நைரா என்று செய்தித்தாளில் வந்த நாளன்று, அந்தக் கணக்கில் இருக்கும் தொகை இப்போது எத்தனை ரூபாய் என்று கரும்பலகையில் எழுதி எனக்குக் காட்டினார். பிறகு மணி அடித்ததால் அழித்துவிட்டு வகுப்புக்குப் போனார்.